அப்டேட் முடிந்த காலையில் மானிட்டர் இருண்டு கிடந்தால்

"ஏனுங்க, நேத்துச் சாயங்காலம் வரைக்கும் ரெண்டு ஸ்கிரீனும் ஓடிட்டிருந்துச்சுங்க, காத்தால வந்து பார்த்தா பெரிய ஸ்கிரீன் மட்டும் வரவே மாட்டேங்குதுங்க" என்று ஒரு குரல் தொலைபேசியில் கேட்டால், முந்தைய இரவு விண்டோஸ் அப்டேட் ஆகியிருக்கும் என்று திருப்பூரில் கணினி பார்க்கும் எவரும் ஊகித்துவிடுவார்கள். பின்னலாடை அலுவலகத்தில் ஒரு மெர்ச்சண்டைசருக்கு (ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவர்) மடிக்கணினியில் பையரின் மின்னஞ்சலும் பெரிய மானிட்டரில் அளவு அட்டவணையும் ஒருசேரத் திறந்திருக்க வேண்டும். ஒன்று இருண்டால் அரை நாள் வேலை போய்விடும். அந்தப் பதற்றத்தில் பலரும் முதலில் அப்டேட்டை நீக்கப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய காரியம்.

முதலில் மானிட்டர் என்ன சொல்கிறது என்று படியுங்கள். "நோ சிக்னல்" என்று வந்தால் மானிட்டர் நலமாக இருக்கிறது, அது பார்த்துக்கொண்டிருக்கும் கேபிள் துளையில் (போர்ட்) எதுவும் வந்து சேரவில்லை என்று பொருள். "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று வந்தால் மகிழ்ச்சி அடையலாம். கேபிளும் டிரைவரும் (கிராபிக்ஸ் பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) வேலை செய்கின்றன, கணினி அனுப்பும் படத்தின் அளவோ (ரெசொல்யூஷன்) புதுப்பிப்பு வேகமோ (ரிஃப்ரெஷ் ரேட், திரை விநாடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது) மட்டும் மானிட்டரின் சக்திக்கு மீறியிருக்கிறது. விளக்கே எரியவில்லை என்றால் அப்டேட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை, பிளக்கையும் யூபிஎஸ்ஸையும் பாருங்கள்.

"நோ சிக்னல்" வந்த இடத்தில் நான் அடிக்கடி காணும் ஒரு சிக்கலைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். திரை இருண்டதும் நம் கை தானாகவே மானிட்டரின் அடிவிளிம்புக்குப் போய் அங்குள்ள பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்துகிறது. அப்படி அழுத்தும்போது இன்புட் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாறிவிடுகிறது. பிறகு கணினியில் கோளாறைச் சரிசெய்த பின்னும் மானிட்டர் வேறு துளையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் "நோ சிக்னல்" போகாது, செய்த நல்ல வேலையும் பயனற்றதாகத் தோன்றும். ஆகவே வேறு எதையும் தொடுமுன் மானிட்டரின் மெனுவைத் திறந்து, கேபிள் எந்தத் துளையில் இருக்கிறதோ அதே இன்புட்டைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

அடுத்து மானிட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி அரை நிமிடம் விட்டுவைத்துப் பிறகு செருகுங்கள். கணினியை "ஷட் டவுன்" செய்து மீண்டும் தொடங்குவது போதாது, "ரீஸ்டார்ட்" கொடுக்க வேண்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இயங்கும்போது, ஷட் டவுன் செய்தாலும் டிரைவர்களின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படுகிறது. நேற்றைய குழப்பம் இன்றும் தொடர்வதற்கு அதுவே காரணமாகலாம். ரீஸ்டார்ட்டில் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதன் பிறகும் படம் வராவிட்டால், விண்டோஸ் விசையுடன் பி (P) எழுத்தை அழுத்தி "எக்ஸ்டெண்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்டேட்டுக்குப் பின் அது "பிசி ஸ்கிரீன் ஒன்லி" என்று மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு இன்னொரு பி (B) எழுத்தை அழுத்தினால் திரை ஒரு கணம் சிமிட்டி கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் "மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்" பகுதியில் உள்ள "டிடெக்ட்" பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இனி டிரைவர். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குள் "அப்டேட் ஹிஸ்டரி" இருக்கிறது. அதில் "டிரைவர் அப்டேட்ஸ்" என்ற தலைப்பின் கீழ் தேதியோடு பட்டியல் வரும். நேற்றைய தேதியில் இன்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் டிஸ்ப்ளே டிரைவர் இருந்தால் ஆள் அகப்பட்டது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து "டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்" என்பதை விரியுங்கள். அங்கே "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்ற பெயர் மட்டும் நின்றால், உரிய டிரைவர் இல்லாமல் ஒப்புக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதனிடம் இரண்டாவது மானிட்டரை எதிர்பார்க்க வேண்டாம். சரியான பெயரே இருந்தால் அதன் ப்ராபர்ட்டீஸில் "ரோல் பேக் டிரைவர்" கொடுத்து பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால் பழைய பதிப்பு கணினியில் இல்லை. மடிக்கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து அவர்கள் தரும் டிரைவரையே நிறுவுங்கள். டிரைவர்களைத் தானாகப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மூன்றாம் நபர் மென்பொருள்களை நான் எந்தக் கணினியிலும் ஏற்றுவதில்லை.

"அவுட் ஆஃப் ரேஞ்ச்" வந்தவர்களுக்கு வழி சுலபம். மடிக்கணினியின் திரையிலிருந்தே "அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே" பகுதிக்குப் போய், வெளி மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, புதுப்பிப்பு வேகத்தை 60 ஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். மாற்றியது தவறாகி ஒன்றும் தெரியாமல் போனாலும் எந்த விசையையும் தொடாமல் 15 விநாடி காத்திருந்தால் விண்டோஸ் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். ஒரே மானிட்டருள்ள மேசைக் கணினி என்றால் சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் முறை) நுழைய வேண்டியிருக்கும். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம் என்பதால், அந்த எண்ணைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

நம் பக்கத்து மில்களிலும் நிட்டிங் யூனிட்டுகளிலும் பழைய விஜிஏ மானிட்டர்கள் இன்னும் உழைக்கின்றன. புதிய மடிக்கணினியின் எச்டிஎம்ஐ துளையில் ஒரு கன்வெர்ட்டரை மாட்டி அவற்றை ஓட்டுகிறோம். மானிட்டர் தன் அளவு, வேகம் முதலிய விவரங்களைக் கணினிக்குச் சொல்ல விஜிஏ கேபிளில் தனிக் கம்பிகள் உண்டு, மலிவான கேபிள்கள் சிலவற்றில் அவை இருப்பதில்லை. முன்பு யாரோ கையால் வைத்த அளவை விண்டோஸ் நினைவில் வைத்திருந்ததால் காரியம் நடந்துகொண்டிருந்தது. அப்டேட் அந்த நினைவை அழித்ததும், விவரம் கிடைக்காத கணினி 1024க்கு 768 போன்ற அளவுக்கு இறங்கி எழுத்துகளைக் கொழகொழவென்று காட்டுகிறது. இங்கே டிரைவரை மாற்றி மாற்றி நிறுவுவதைவிட நல்ல கேபிள் ஒன்று வாங்குவதே மேல்.

யூஎஸ்பி-சி துளை எல்லாமே படம் அனுப்பாது. அருகில் டிஸ்ப்ளே போர்ட் குறியோ மின்னல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். நேற்று வரை வந்தது இன்று வரவில்லை என்றால், அப்டேட் இரவில் யாரேனும் கேபிளைப் பக்கத்துத் துளைக்கு மாற்றியிருக்கவும் கூடும். டாக் (ஒரே கேபிளில் பல துளைகள் தரும் இணைப்புப் பெட்டி) வழியாக இரண்டு மூன்று மானிட்டர் ஓட்டுபவர்கள் அது டிஸ்ப்ளேலிங்க் வகையா என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த வகைக்குத் தனி மென்பொருள் வேண்டும். பெரிய அப்டேட்டுக்குப் பின் அதையும் புதிய பதிப்பாக நிறுவ வேண்டி வரும். மானிட்டரை டாக்கிலிருந்து கழற்றி நேரே மடிக்கணினியில் செருகிப் படம் வந்தால் பழி டாக்கின் மேல்தான்.

படம் வந்தும் நிறம் மாறிப்போவது திருப்பூர்க்காரர்களுக்குச் சிறிய சங்கதி அல்ல. லேப் டிப்பின் (ஒப்புதலுக்காகச் சாயமிட்ட சிறு துணி மாதிரி) புகைப்படம் நேற்றைவிட வெளிறித் தெரிந்தால் சாய ஆலையோடு வீண் பேச்சு வளரும். எச்டிஆர், நைட் லைட் ஆகிய இரண்டும் இயங்குகின்றனவா என்று டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பார்த்து அணைத்துவிடுங்கள். மானிட்டருக்கு நிற ப்ரொஃபைல் போட்டிருந்தால் "கலர் மேனேஜ்மென்ட்" பகுதியில் அது இன்னும் இருக்கிறதா என்றும் சரிபாருங்கள். இவ்வளவும் செய்தாலும் ஷேடுக்கு ஒப்புதல் கொடுப்பது லைட் பாக்ஸில் (நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டி) துணியை வைத்துப் பார்த்த பிறகாகவே இருக்கட்டும்.

மேக் வைத்திருப்போர் "டிஸ்ப்ளேஸ்" பக்கத்தில் ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தால் "டிடெக்ட் டிஸ்ப்ளேஸ்" பொத்தான் தோன்றும். எம்1, எம்2 மேக்புக் ஏர்கள் ஒரே ஒரு வெளி மானிட்டரை மட்டுமே நேரடியாக ஏற்கும், அது அப்டேட்டின் குற்றம் இல்லை. உபுண்டு லினக்ஸில் தொடக்க மெனுவின் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" வழியாகப் பழைய கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நுழைந்து படம் வந்தால், புதிய கெர்னலுக்கு ஏற்ப என்விடியா அல்லது டிஸ்ப்ளேலிங்க் டிரைவரைத் திரும்ப நிறுவ வேண்டும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்தான் அப்டேட்டை நீக்கும் வழி. "அப்டேட் ஹிஸ்டரி" பக்கத்தின் அடியில் "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" இருக்கிறது. முழுப் பதிப்பே மாறியிருந்தால் "ரெகவரி" பகுதியில் "கோ பேக்" கொடுக்க வழக்கமாக 10 நாள்தான் அவகாசம். நீக்கியதும் அப்டேட்டைச் சில வாரங்களுக்கு "பாஸ்" செய்துவையுங்கள், இல்லாவிட்டால் அதே அப்டேட் மறுநாளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விண்டோஸ் அப்டேட் வழியாகவே பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும், மதர்போர்டில் உள்ள மென்பொருள்) அப்டேட்டும் சில நேரம் வருவதால், மாதாந்திர பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளின் காலையில் மேசைக் கணினிக்கு ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் மானிட்டரோடு மதர்போர்டுக்கும் செலவு வைக்கும். இப்போது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்றால், "அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே" பக்கத்தையும், டிவைஸ் மேனேஜரில் டிரைவரின் பதிப்பு எண்ணையும், கணினியின் பின்புறம் எந்தக் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது என்பதையும் கைப்பேசியில் மூன்று படங்களாக எடுத்து வையுங்கள். அடுத்த முறை என்னைப் போன்ற ஒருவரை அழைக்கும்போது அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.