பெயிண்ட் அடிக்கும் முன் தட்டிப் பாருங்கள்

ஃபைபர் படகை ரிப்பேருக்கு விட்டிருக்கிறீர்களா? வேலை முடிந்ததும் உடனே பெயிண்ட் அடிக்க விடாதீர்கள். பெயிண்டுக்கு அடியில் எல்லா வேலையும் நல்ல வேலைதான்! ஒட்டுப் போட்ட இடம் முழுவதையும் ஒரு நாணயத்தால் நெருக்கமாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி. ஓர் இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக இருந்தால், அங்கே ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) சரியாக ஒட்டாமல் இருக்கலாம். ஈரம் காயாமல், பழைய பரப்பைத் தேய்க்காமல் ரெசின் (மேட்டை ஒட்டி இறுகும் பசை) பூசினால் இப்படித்தான் ஆகும். மேலே பட்டி பார்த்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கடலில் அலை அடிக்கும்போது பிளந்துகொள்ளும். என்ஜின் மாட்டும் பின்பக்கத்தை இன்னும் கவனமாகத் தட்டுங்கள். சந்தேகமான இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம், கூலியில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, படகைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்த்த பிறகே கொடுங்கள். இதை வேலைக்கு விடும்போதே பேசிவிடுவது நல்லது.