பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் இரண்டு ரகம் பலமாக வந்தால்

டயமண்டில் ஏஸ், கிங், ஜாக்கோடு 5 சீட்டு. கிளப்பில் ஏஸ், கிங், குயினோடு 5. ஹார்ட்டில் கிங்கோடு 2. ஸ்பேட் ஒன்றே ஒன்று. மொத்தம் 20 பாயின்ட் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1). ஸ்டாண்டர்ட் அமெரிக்கன் என்ற ஏல முறையில் ஆடுபவர்களுக்கு உடனே 2 கிளப் (மிகப் பலமான கை என்று சொல்லும் ஏலம்) கேட்கத்தான் தோன்றும். கேட்காதீர்கள்!

கேட்டால், பார்ட்னர் 2 டயமண்ட் என்று (மேலே சொல்லுங்கள் என்ற பொருளில்) காத்திருப்பார். நீங்கள் 3 டயமண்ட் சொல்லி, அடுத்துக் கிளப்பைக் காட்டுவதற்குள் ஏலம் 4-க்கு ஏறிவிடும். அருமையான 3 நோ டிரம்ப் (துருப்பு ரகம் இல்லாமல் 9 பிடி எடுக்கும் ஏலம்) கைநழுவிப் போகும்.

1 டயமண்டில் தொடங்குங்கள் (5-5 என்றால் உயர்ந்த ரகம் முதலில்). பார்ட்னர் 1 ஸ்பேட் என்றால் தாவி 3 கிளப். இரண்டு ரகமும், கேம் (போனஸ் தரும் அளவுக்கு உயர்ந்த ஏலம்) வரை நிறுத்தக்கூடாது என்பதும் அவருக்குப் புரிந்துவிடும். 1 டயமண்டுக்கே எல்லாரும் பாஸ் சொல்லிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். ஸ்பேட் கிட்டத்தட்ட முழுக்க மற்றவர்களிடம் இருக்கிறது, பெரும்பாலும் யாராவது வாய் திறப்பார்கள். பார்ட்னரிடம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கேம் உறுதி என்ற கைக்கு மட்டும் 2 கிளப்பை வைத்துக்கொள்ளுங்கள்.