அழகன்குளத்துப் பானை ஓடுகளை வரைபடத்தில் சரியான இடத்தில் குறிப்பது எப்படி?

வைகை கடலில் சேரும் இடத்தருகே உள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87 முதல் நடத்திய அகழாய்வுகளில் ரோமானிய நாணயங்களும் ரௌலட்டட் (சக்கரக் கருவியால் கோடிட்ட வளைய அலங்காரம் கொண்ட) வகைப் பானை ஓடுகளும் கிடைத்தன. இக்கடற்கரையில் பயிற்சி மாணவராக மேற்பரப்பாய்வுக்குச் செல்பவர், தரையிலிருந்து ஒரு பானை ஓட்டுத் துண்டை எடுத்த பின் அது கிடந்த இடத்துக்குத் தாம் குறித்த எண்களே சான்று என்பதை மறக்கக் கூடாது.

கணினியில் வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ், கைப்பேசியில் களத்தில் இடங்களைக் குறிக்க உதவும் அதன் துணைச் செயலி கியூஃபீல்டு: இலவசமான இவ்விரண்டுமே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் கைப்பேசி ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும் என்பதால், அகழாய்வுக் குழியின் மூலைகளை டோட்டல் ஸ்டேஷன் என்னும் துல்லிய நில அளவைக் கருவி கொண்டே அளக்க வேண்டும்.

பாகை, நிமிடம், விநாடியில் குறித்திருந்தால் முதலில் தசமத்துக்கு மாற்றுங்கள். 9 பாகை 21 நிமிடம் 30 விநாடி என்பது 9.3583, அதை 9.2130 என்று எழுதினால் அழகன்குளத்து ஓடு மன்னார் வளைகுடாவுக்குள் போய்விடும். பிறகு அட்டவணையைச் சிஎஸ்வி கோப்பாகச் (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பு) சேமித்து, கியூஜிஐஎஸ்ஸின் 'டெலிமிட்டெட் டெக்ஸ்ட்' வழியாக லேயராக (வரைபட அடுக்காக) ஏற்றுங்கள். எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. இடம் மாறினால் புள்ளிகள் ஆர்க்டிக் கடலில் தோன்றும்.

அடுத்த படியில்தான் நிதானம் தேவை. ஜிபிஎஸ் எண்கள் இபிஎஸ்ஜி 4326 அமைப்பில், அதாவது பாகையில் இடம் குறிக்கும் ஆள்கூற்று முறையில் இருக்கும் (இபிஎஸ்ஜி என்பது இத்தகைய முறைகளுக்கான எண் பட்டியல்). மீட்டரில் தூரம் அளக்க, இராமநாதபுரம் கடற்கரைக்கு உரிய யுடிஎம் (உலகைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) மண்டலம் 44, அதாவது இபிஎஸ்ஜி 32644 வேண்டும். இதற்காக லேயரின் மீது வலது சொடுக்கி 'செட் லேயர் சிஆர்எஸ்' (அடுக்கின் ஆள்கூற்று முறையைக் குறிப்பது) என்பதில் எண்ணை மாற்றினால், எண்கள் அப்படியே இருக்க, அவற்றின் அடையாளச் சீட்டு மட்டுமே மாறும்; தீர்க்கரேகையான 78.97 பாகை 78.97 மீட்டர் ஆகி, எல்லா ஓடுகளும் நிலநடுக்கோட்டருகே இந்தியப் பெருங்கடலில் ஒரே புள்ளியாகக் குவிந்துவிடும். ஆகவே 4326 என்றே ஏற்றி, 'எக்ஸ்போர்ட்' மூலம் 32644 அமைப்பில் புதிய கோப்பாகச் சேமியுங்கள். எண்களே மாற்றிக் கணக்கிடப்படுவது அப்போதுதான்.

பின்சேர்க்கை: இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ ஷீட்டுகளை (நிலவமைப்பு வரைபடங்களை) அடியில் விரிப்பவர்களுக்குப் புள்ளிகள் நூறு மீட்டருக்கு மேல் விலகித் தெரியலாம். அவை பூமியின் வடிவத்துக்கான பழைய கணித மாதிரியான எவரெஸ்ட் நீள்கோளத்தைக் கொண்டு வரையப்பட்டவை. ஜியோரெஃபரன்ஸ் (படத்தை உரிய இடத்தில் பொருத்துதல்) செய்யும்போது 'கலியான்பூர் 1975' அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சரிபார்க்கக் கடற்கரைக் கோட்டை நம்ப வேண்டாம், மணல்திட்டுகள் இடம் பெயர்ந்திருக்கும். கண்மாய்க் கரை செயற்கைக்கோள் படத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.