தேவைப் பட்டியல் திட்டமாகாது: பள்ளிகளும் அறக்கட்டளைகளும் மூன்றாண்டுத் திட்டம் வகுக்கும் முறை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுத் தீர்மானப் பதிவேட்டைப் புரட்டினால், பெரும்பாலும் ஒரே வகையான வரிகளே கண்ணில் படும்: சுற்றுச்சுவர் வேண்டும், கூடுதல் கழிப்பறை வேண்டும், ஒழுகும் கூரையைச் சரிசெய்ய வேண்டும், திறன் வகுப்பறை வேண்டும். இவற்றில் ஒன்றும் தவறான கோரிக்கையன்று. ஆயினும் இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மேலே ‘பள்ளி மேம்பாட்டுத் திட்டம்’ என்று தலைப்பிட்டுவிட்டால் அது திட்டமாகிவிடாது. எது முதலில், எது பிறகு, எதை இந்த மூன்று ஆண்டுகளில் தொடப்போவதில்லை, யார் பொறுப்பு, பணம் எங்கிருந்து வரும், முடிந்ததை எதைக் கொண்டு அறிவது என்ற கேள்விகளுக்கு அந்தத் தாளில் விடை இருக்க வேண்டும். உத்திசார் திட்டமிடல் என்ற பெரிய சொல்லுக்குப் பொருள் இவ்வளவுதான்.

இது விருப்பமிருந்தால் செய்யலாம் என்று விடப்பட்ட வேலையும் அன்று. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவே மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்றும், அரசின் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அதுவே அடிப்படையாக அமையும் என்றும் கூறுகிறது. சட்டத்தின்கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள் அதனை ஆண்டுக்கு ஒன்றாக மூன்று துணைத் திட்டங்கள் கொண்ட மூன்றாண்டுத் திட்டமாக வரையறுக்கின்றன. வகுப்புவாரியாக எதிர்பார்க்கும் மாணவர் எண்ணிக்கை, தேவைப்படும் கூடுதல் ஆசிரியர்கள், கட்டட வசதிகள், அவற்றுக்கான நிதி ஆகியவற்றை ஆண்டுவாரியாக அதில் காட்ட வேண்டும். சட்டம் கேட்பது கணிப்பை. நாம் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பது மனுவை.

மனு எழுதும் பழக்கத்துக்கு ஒரு நல்ல பூர்வீகம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1950களின் இறுதியில் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஒவ்வொரு பள்ளியின் தேவைகளும் பட்டியலிடப்பட்டு ஊர் மக்கள் முன் வைக்கப்பட்டன. நிலமாகவும், மேசை நாற்காலியாகவும், பணமாகவும் அவர்கள் அள்ளிக் கொடுத்தனர். கொடுப்பவர் எதிரிலேயே அமர்ந்திருந்த காலத்தில், அதுவும் எல்லாமே இல்லாதிருந்த பள்ளிகளுக்கு, பட்டியல் போதுமானதாக இருந்தது. இன்று கொடுப்பவர்கள் பலர். அவர்கள் வெவ்வேறு அலுவலகங்களில், வெவ்வேறு நிதியாண்டுக் கெடுக்களோடு இருக்கிறார்கள். இன்றைய பள்ளிக்குக் குறைவாக இருப்பது பொருளைவிடப் பெரும்பாலும் முன்னுரிமையே.

பயன் எங்கே தெரிகிறது

முதற்பயன், ஆள் மாறினாலும் வேலை நிற்காமலிருப்பது. கலந்தாய்வில் தலைமையாசிரியர் மாறுதல் பெற்றுச் சென்றால், அவர் மனத்தில் இருந்த திட்டமும் அவரோடு சென்றுவிடுகிறது. புதிதாக வருபவர் முதல் ஆறு மாதங்களைப் பள்ளியைப் புரிந்துகொள்வதில் கழிக்கிறார். எழுதி, குழு கையொப்பமிட்ட திட்டம் ஒன்று இருந்தால் அந்த ஆறு மாதங்கள் மிச்சமாகும். சிறிய அறக்கட்டளைகளில் இதே சிக்கல் நிறுவனர் உருவில் இருக்கிறது. அவருக்கு எல்லாம் தெரியும் என்பதாலேயே எதுவும் எழுதப்படுவதில்லை. அவர் நோயுற்ற நாளில்தான் நன்கொடையாளர் பட்டியல்கூட அவருடைய கைப்பேசியில் மட்டும் இருந்தது தெரியவருகிறது.

இரண்டாவது பயன், மறுக்கும் துணிவு. இதைப் பலர் பயனாகவே எண்ணுவதில்லை. என் கருத்தில் இதுவே தலையாயது. மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் அறக்கட்டளைக்கு ஒரு நிறுவனம் மரக்கன்று நடப் பணம் தருகிறது. அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனம் தையல் பயிற்சிக்குத் தருகிறது. பணம் வந்த பக்கமெல்லாம் நடந்து, ஐந்தாம் ஆண்டில் படிப்பு மையத்துக்கு ஆள் இல்லாமல் போகிறது. ‘இது எங்கள் மூன்றாண்டுத் திட்டத்தில் இல்லை’ என்று மரியாதையாகச் சொல்வதற்கு முதலில் ஒரு திட்டம் வேண்டும்.

நோக்கம் தெளிவாக இருந்தால் எதைச் சேர்த்துக்கொள்வது என்பதும் தெளிவாகும். 1976இல் மதுரையில் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் குறிக்கோள், தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது. கட்டணம் செலுத்தும் நோயாளிகளிடமிருந்து வரும் வருவாயைக் கொண்டே இலவச அறுவை சிகிச்சைகளையும் நடத்தும் முறை அங்கே வேரூன்றியது. கண்ணுக்குள் பொருத்தும் லென்சு இறக்குமதிச் சரக்காக, ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992இல் ஆரோலேப் என்ற சொந்த உற்பத்திக்கூடத்தை அவர்கள் நிறுவினார்கள். மருத்துவமனை ஒன்று தொழிற்சாலை நடத்துவது வெளிப்பார்வைக்கு வழிதவறல்போலத் தோன்றலாம். குறிக்கோளோடு வைத்துப் பார்த்தால் லென்சு விலைதான் பாதையை மறித்து நின்ற கல். மரக்கன்றையும் தையல் பொறியையும் ஏற்ற அறக்கட்டளை இந்தக் கேள்வியைத்தான் கேட்கத் தவறியது.

மூன்றாவது பயன் நிதி சார்ந்தது. அதைக் கணக்கின்போது சொல்கிறேன்.

ஆகஸ்டில் தொடங்கி டிசம்பரில் முடிப்பது

நிதியாண்டு முடிவதற்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே திட்டம் தயாராக வேண்டும் என்கின்றன மாதிரி விதிகள். எனவே டிசம்பர் இறுதியைக் கெடுவாகக் கொண்டு பின்னோக்கி நாட்களை வகுத்துக்கொள்வது நல்லது. பள்ளிகளுக்கு ஆகஸ்ட் மாதம் எண்ணுவதற்கு ஏற்றது. ஆசிரியர் பணியிட நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1ஆம் நாளின் மாணவர் எண்ணிக்கையே கணக்கில் எடுக்கப்படுவதால், பதிவேடுகள் அப்போது சீராக இருக்கும்.

எண்ணத் தொடங்குமுன் உடன் அமர்பவர்கள் யார் என்பதை முடிவு செய்ய வேண்டும். மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நடப்பில் பல இடங்களில் தலைமையாசிரியரே இரவோடு இரவாகத் திட்டத்தை எழுதி, மறுநாள் கையொப்பம் வாங்கிவிடுகிறார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் நூறு நாள் வேலைக்குச் சென்ற தாய்மார்கள் எப்படி வருவார்கள்? கூட்டத்தைப் பள்ளி விடும் நேரத்தை ஒட்டி வைப்பதும், பிள்ளையை அழைத்துப்போக வருபவர்களிடம் அரை மணி நேரம் கேட்பதும் பலன் தருகின்றன. அறக்கட்டளையாயின் அறங்காவலர்களோடு களப்பணியாளர்களும், உதவி பெறுவோரில் இருவராவதும் இருக்க வேண்டும்.

எண்ணிக்கையில் முதலாவது, அடுத்த மூன்று ஆண்டுகளில் ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகும் குழந்தைகள். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, 1.8. குழந்தைகள் குறைந்துவரும் மாநிலத்தில் ‘சேர்க்கையை இரட்டிப்பாக்குவோம்’ என்று எழுதுவது கனவு. உள்ளூர் அங்கன்வாடிப் பதிவேட்டை எடுத்து, இரண்டு, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளைத் தனித்தனியே எண்ணினால் மூன்று ஆண்டுகளின் உச்ச வரம்பு கையில் கிடைத்துவிடும். சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 மாணவர்கள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். எடுத்துக்காட்டாக, 64 மாணவர்கள் படிக்கும் பள்ளியில் இவ்வாண்டு ஐந்தாம் வகுப்பில் 15 பேர் இருந்து, அங்கன்வாடியிலிருந்து 9 பேர் மட்டுமே வரக்கூடும் என்றால், அடுத்த ஆண்டு எண்ணிக்கை 58. மூன்றாவது ஆசிரியர் உபரியாகிப் பணிநிரவலில் வேறு பள்ளிக்குச் செல்ல நேரிடலாம். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை நடத்தும் நிலை வந்தால் இன்னும் சில பெற்றோர் பிள்ளைகளை மாற்றுவார்கள். இந்தச் சரிவு ஜூன் மாதத்தில் தெரியவருவதற்கும் முந்தைய ஆகஸ்டிலேயே தெரிவதற்கும் இடையே உள்ள பத்து மாதங்களே திட்டமிடலின் முழுப் பயன் என்பேன். அந்தப் பத்து மாதங்களில், தனியார் பள்ளி வேன் நின்று செல்லும் தெருக்களுக்குச் சென்று, ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்க முடியும். விடை சில நேரம் ஆங்கிலமாக இருக்கும். சில நேரம் பள்ளிக்கு முன்னால் உள்ள சாலையைக் குழந்தை தனியே கடக்க வேண்டியிருப்பதாக மட்டுமே இருக்கும்.

இரண்டாவது, கற்றல் நிலை. மதிப்பெண் பட்டியலை நம்பாமல், ஒவ்வொரு குழந்தையையும் தனியே அமர்த்தி ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்வது ஒரு வாரத்தில் முடியும் வேலை. மூன்றாவது வருகைப் பதிவேடு: எந்த மாதத்தில், எந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் வராமல் போகிறார்கள் என்பதைப் பார்த்தாலே, வேலைக்காக ஊர்விட்டுச் செல்லும் காலம் தெரிந்துவிடும்.

செப்டம்பரில் இந்தக் கணக்குகளைக் குழுவின் முன் வைத்துப் பேசலாம். அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் அடுத்த ஆண்டு வளர்ச்சித் திட்டத்துக்கான பேச்சும் அதையொட்டியே தொடங்குகிறது. குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, பள்ளி வாசலில் வேகத்தடை போன்று ஊராட்சியின் கைக்குள் உள்ளவற்றை அங்கே தீர்மானமாக்கிவிட்டால், பள்ளித் திட்டத்தின் சுமை குறையும். கல்வித் துறையிடம் வேகத்தடை கேட்டு மூன்று ஆண்டுகள் காத்திருப்பவர்களை எல்லா வட்டாரத்திலும் காணலாம்.

அக்டோபரில் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று இலக்குகளுக்கு மேல் வேண்டாம், இரண்டே போதும். ‘கல்வித் தரத்தை உயர்த்துதல்’ இலக்கன்று. அதை யாரும் எதிர்க்க முடியாது, எட்டியதாகவும் காட்ட முடியாது. ‘மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தின் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க வேண்டும்’ என்பது இலக்கு. இலக்குகளுக்குக் கீழேயே, இப்போது எடுத்துக்கொள்ளாதவை என்று ஒரு பகுதியை எழுதுவதற்குத் தயங்கக் கூடாது. கலையரங்கம் கேட்டவரின் மனம் நோகும் என்று அஞ்சி அதையும் இலக்காக்கினால், பட்டியல் பழையபடி மனுவாகிவிடும்.

பணக் கணக்கு

நவம்பரில் ஒவ்வோர் இலக்குக்கும் ஆகும் செலவைக் கணக்கிடும்போது, ஒருமுறைச் செலவையும் ஆண்டுதோறும் வரும் செலவையும் தனித்தனி நிரல்களில் எழுத வேண்டும். கழிப்பறை கட்டுவது ஒருமுறைச் செலவு. அதைத் துப்புரவு செய்பவரின் ஊதியமும் தண்ணீரும் ஆண்டுதோறும் வருபவை. திறப்பு விழாக் கல்வெட்டோடு பூட்டிக் கிடக்கும் கழிப்பறைகளுக்கெல்லாம் காரணம், இரண்டாவது நிரலை எவரும் எழுதாததுதான். நன்கொடையாளர்கள் முதல் நிரலுக்குப் பணம் தர விரும்புவார்கள், ஏனெனில் அதைப் படம் பிடிக்கலாம். எனவே முதல் நிரலை ஏற்பவரிடமே இரண்டாவது நிரலின் மூன்றாண்டுத் தொகையையும் கேட்பது முறையான கோரிக்கையே.

இங்கே சட்டங்களும் திட்டம் உள்ளவர்களுக்கே வழிவிடுகின்றன. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய வரம்புகளில் ஒன்றை எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதன் விதிகள், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை நீளும் ‘தொடர் திட்டங்களை’ அனுமதிக்கின்றன. ஆண்டுவாரித் துணைத் திட்டத்தோடு வரும் அறக்கட்டளைக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். பிப்ரவரி மாதத்தில் ஒற்றைப் பக்கக் கடிதத்தோடு வருபவருக்கு, மார்ச் முடிவதற்குள் செலவழித்தாக வேண்டிய மிச்சத் தொகைதான் கிடைக்கும். அதற்கு நாற்காலி வாங்கலாம்.

வருமான வரிச் சலுகை பெறும் அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டையேனும் அறநோக்கங்களுக்குச் செலவிட வேண்டும். முடியாதபோது, குறிப்பிட்ட ஒரு நோக்கத்தை உரிய படிவத்தில் தெரிவித்து ஐந்து ஆண்டுகள் வரை தொகையைச் சேர்த்து வைக்கலாம். ‘பொதுவான அறப்பணிகள்’ என்று எழுதினால் அது குறிப்பிட்ட நோக்கமாகாது என்ற வாதம் எழும். மூன்றாண்டுத் திட்டத்தில் தேதியோடு உள்ள வகுப்பறைக் கட்டடம் என்றால் அந்தக் கேள்விக்கு இடமிராது. வெளிநாட்டு நன்கொடை பெறுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவின் உச்ச வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்துவிட்டது, வெளிநாட்டுத் தொகையை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் இயலாது. எனவே அலுவலக ஊதியத்துக்கு உள்நாட்டு நிதி எவ்வளவு தேவை என்பதைத் திட்டத்திலேயே பிரித்துக் காட்டிவிட வேண்டும்.

கையொப்பத்துக்குப் பிறகு

டிசம்பரில் திட்டத்தை இறுதி செய்து தலைவரும் ஒருங்கிணைப்பாளரும் கையொப்பமிட்டபின், நீண்ட கோப்பு அலுவலகத்துக்குப் போகட்டும்; பள்ளிச் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பக்கம் போதும். அதில் இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஒருவரின் பெயர், இவ்வாண்டு முடிய வேண்டிய நாள் ஆகியவை பெரிய எழுத்தில் இருக்கட்டும். பொறுப்பாளர் ‘குழு’ என்று எழுதப்பட்ட வேலை நடந்து நான் பார்த்ததில்லை.

மாதந்தோறும் கூடும் கூட்டத்தில் முழுத் திட்டத்தையும் படிக்க வேண்டியதில்லை. அந்த மாதத்துக்குரிய வரிகளை மட்டும் பார்த்து, முடிந்தது, தாமதம், கைவிட்டது என்ற மூன்றில் ஒன்றைக் குறித்தால் பத்து நிமிடத்தில் முடியும். கைவிட்டதற்கு ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். அடுத்த ஆகஸ்டில் மறுபடி அங்கன்வாடிப் பதிவேட்டைத் திறந்து, சென்ற ஆண்டு கணித்த 9 பேரில் எத்தனை பேர் உண்மையில் வந்தார்கள் என்று பார்த்து, எஞ்சிய இரண்டு ஆண்டுகளின் எண்களைத் திருத்த வேண்டும். ஏழு பேர்தான் வந்திருந்தால், வராத இருவரின் வீடு எந்தத் தெருவில் என்று குழுவில் யாருக்காவது தெரிந்திருக்கும்.