பற்றை வளைத்துப் பன்றி கலைக்கும்போது விடக்கூடாத தவறுகள்

பெரும்போக வேளாண்மை குடலை தள்ளத் தொடங்கினால், அதாவது கதிர் வெளிவரும் முன் நெற்தண்டு பருத்தால், மட்டக்களப்புப் படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கம் சாகாமம், கஞ்சிகுடிச்சாறு வயல் வட்டைகளிலும் இரவு நித்திரை கிடையாது. பன்றிக் கூட்டம் இறங்கினால் தின்பதைவிட உழக்கிப் போடுவதுதான் அதிகம். நாலைந்து இரவு காவல் இருந்து சலித்த பிறகு, "பகலிலேயே பற்றையை வளைச்சுக் கலைச்சு விடுவம்" என்று ஆட்கள் கூடுவார்கள். பொல்லு, தகரம், நாய்கள், அப்புறம் பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதிப்பத்திரம் எடுத்த ஒருவரின் துவக்கு.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கூட்டாக மான் வேட்டைக்குப் போகிறவர்கள் செய்வதும் இதுதான். ஒரு வரிசை காட்டுக்குள் இறங்கிக் கலைத்துக்கொண்டு வரும், இன்னொரு வரிசை மறுகரையில் துவக்கோடு காத்து நிற்கும். அங்கே இதற்கென்று ஒழுங்குகள் வகுத்திருக்கிறார்கள். யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் சுடலாம், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் இறங்குவதற்கு முன்பே முடிவாகிவிடும். நம் பக்கத்தில் அந்தப் பேச்சு நடப்பது குறைவு. "வாங்க இறங்குவம்" என்றவுடன் இறங்கிவிடுகிறோம். பன்றி குத்துவதை எல்லோரும் பயப்படுகிறார்கள். பக்கத்தில் வருகிற ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் இருப்பதை யாரும் பயப்படுவதில்லை. அதைத்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மான், மரை, சருகுமான் இவற்றைக் கொல்வது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். பன்றி கலைக்கும்போது பற்றைக்குள்ளிருந்து மான் எழும்பினால் விலகி வழி விட வேண்டியதுதான். சரணாலய எல்லைக்குள் எந்த விலங்கைத் துரத்தியும் துவக்கோடு கால் வைக்கக் கூடாது. அனுமதிப்பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கையில்தான் துவக்கு இருக்க வேண்டும். "ஒருக்காத் தா மச்சான், நான் வெடி வைக்கிறன்" என்று கை மாறுவது குற்றம் மட்டுமல்ல, பழகாத கையில் துவக்கைக் கொடுப்பதும்கூட.

முழுவட்டமாக வளைப்பது

எல்லாவற்றிலும் மோசமான தவறு இது. பற்றையைச் சுற்றி நாலு பக்கமும் ஆள் நின்றால் பன்றி தப்பாது என்று நினைக்கிறோம். வட்டமாக நின்றால் ஒவ்வொருவருக்கும் நேர் எதிரே இன்னொருவர் நிற்கிறார். நடுவில் ஓடுகிற பன்றியை நோக்கி எந்தப் பக்கம் நீட்டினாலும் துவக்கின் வாய் மனிதனைப் பார்த்தபடிதான். நான்கு பக்கமும் அடைபட்ட பன்றியோ கிறுகி வந்து ஆளைத்தான் உடைத்துக்கொண்டு போகும்.

ஒரு பக்கத்தைத் திறந்து விட வேண்டும். அந்தத் திறப்பு காட்டுப் பக்கமாக இருக்க வேண்டும் என்பதைச் சேர்த்தே யோசிக்க வேண்டும். உங்கள் வயல் கண்டத்திலிருந்து கலைத்துப் பக்கத்து வட்டைக்குள் இறக்கிவிட்டால் இரவு அவர்கள் திருப்பிக் கலைப்பார்கள், மறுகா இரண்டு ஊருக்கும் சண்டை. தார் வீதிப் பக்கம் திறந்தால் ஓடி வருகிற பன்றி மோட்டார் சைக்கிளில் போகிறவனை விழுத்தும்.

தட்டைநிலம்

நம் வயல்வெளியில் மலையும் இல்லை, மேடும் இல்லை. 12 போர் துவக்கில் எஸ்.ஜி. தோட்டா போட்டால் எட்டொன்பது பெரிய குண்டுகள் பறக்கும். குறிவைத்து அடிக்கக்கூடிய தூரம் 35 அல்லது 40 மீற்றர்தான். அந்தத் தூரத்திலேயே குண்டுகள் ஒரு மீற்றருக்கு மேல் அகன்றுவிடும். பன்றியில் படாத குண்டு அதோடு நின்றுவிடாது, தடை ஒன்றும் இல்லாவிட்டால் 500 மீற்றருக்கு அப்பாலும் போகும். தண்ணீர் கட்டிய வயலிலும் காய்ந்து இறுகிய வரம்பிலும் சாய்வாகப் பட்டால் துள்ளித் திசை மாறும். அடுத்த கண்டத்தில் களை பிடுங்குகிற பெண்கள், வாடியில் சமைக்கிறவர், மாட்டுப்பட்டியோடு நிற்கிற பையன் எல்லோரும் அந்த 500 மீற்றருக்குள் இருக்கலாம்.

ஐரோப்பாவில் கூட்டு வேட்டைக்குத் துவக்குக்காரரை உயரமான பரணில் ஏற்றுவது பார்வை கிடைப்பதற்காக மட்டுமல்ல. மேலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது தவறிய குண்டு நிலத்தில் புதைந்துவிடும். நம்மிடம் இரவுக் காவலுக்கு ஏற்கனவே பரண் இருக்கிறது. துவக்கு வரத்தான் வேண்டும் என்றால் அது பரணில் இருக்கட்டும். நிலத்தில் நின்று நேராக நீட்டிச் சுடுவதை இந்தத் தட்டை வெளியில் நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

துவக்குக்காரர் இருவர் என்றால் பிரான்சில் சொல்லிக்கொடுக்கிற ஒரு கணக்கு கைகொடுக்கும். இருவரும் கலைக்கிற வரிசைக்கு முகம் காட்டி, ஒரே கோட்டில் ஆளுக்கொரு பரணில் நிற்கிறார்கள் என்று வையுங்கள். பரணின் அடியிலிருந்து பக்கத்துத் துவக்குக்காரரை நோக்கி ஐந்து அடி எடுத்து வைக்க வேண்டும். அங்கிருந்து நேர் செங்குத்தாகப் பின்பக்கம் மூன்று அடி வைத்து ஒரு குச்சியை நட வேண்டும். திரும்பி வந்து தன் இடத்திலிருந்து பார்த்தால், பக்கத்து ஆளுக்கும் குச்சிக்கும் இடையில் ஏறக்குறைய 30 பாகைக் கோணம் விழும். அந்தக் கோணத்துக்குள் துவக்கின் வாய் போகவே கூடாது. மற்றப் பக்கமும் இப்படி ஒரு குச்சி. முன்பக்கம் கலைக்கிறவர்கள் வருவதால் முன்பக்கம் முழுவதும் விலக்கு. ஆகவே பன்றி வரிசையைத் தாண்டிப் பின்னால் போன பிறகு, இரண்டு குச்சிகளுக்கும் நடுவில் மட்டுமே சுடலாம், அந்தத் திசையில் ஆள் நடமாட்டம் இல்லை என்று முன்கூட்டியே பார்த்திருந்தால் மட்டும்.

இங்கே கைப்பழக்கத்தால் வருகிற ஒரு தவறும் உண்டு. முன்னால் பன்றியைக் கண்டவுடன் துவக்கைத் தோளில் ஏற்றி, பன்றி ஓட ஓடக் குறியையும் கூடவே இழுத்துக்கொண்டு வருவது. பன்றி வரிசையைக் கடக்கிற அந்தக் கணத்தில் துவக்கின் வாய் பக்கத்து ஆளின் நெஞ்சைக் கடக்கிறது. விரல் விசையில் இருக்கிறது, கண் பன்றியில் இருக்கிறது. பன்றி கடக்கும்வரை துவக்கு தோளுக்கு வரவே கூடாது. வாயை வானத்துக்குத் தூக்கி, உடம்பைத் திருப்பி, அதன் பிறகுதான் குறி.

இடத்தை விட்டு அசைவது

"அங்காலே போகுது போல" என்று நின்ற இடத்திலிருந்து பத்தடி நகர்ந்தாலும் முன்பு பேசிய ஒழுங்கு முழுவதும் பிழைத்துவிடும், ஏனென்றால் மற்றவர்கள் மனதில் நீங்கள் பழைய இடத்தில்தான் நிற்கிறீர்கள். முடிந்தது என்ற விசில் கேட்கும்வரை நின்ற இடம் நின்ற இடம்தான். ஒன்றுக்குப் போவதென்றாலும் குரல் கொடுக்க வேண்டும்.

கலைக்கிற வரிசையிலும் இதே சிக்கல். திறந்த இடத்தில் நடக்கிறவன் முந்திப் போவான், ஈச்சம்பற்றைக்குள் மாட்டினவன் பிந்துவான். கொஞ்ச நேரத்தில் வரிசை பாம்பாக நெளிந்துவிடும். ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று, இரு பக்கமும் ஆளைப் பார்த்து, சமப்படுத்தி நடப்பதைத் தவிர வழி இல்லை. பக்கத்து ஆள் கண்ணுக்குத் தெரியாத தூரம் விடக் கூடாது. ஒவ்வொருவரின் சத்தமும் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தகரம் தட்டுவது பன்றிக்காக மட்டுமல்ல, நான் இங்கே வருகிறேன் என்று மற்றவர்களுக்குச் சொல்வதற்கும்தான். ஒருவரின் சத்தம் நின்றால் வரிசை முழுவதும் நிற்க வேண்டும். போனை நம்பி இறங்காதீர்கள், பற்றைக்குள் சிக்னலும் இருக்காது, எடுக்கக் கையும் இருக்காது. ஆளுக்கொரு விசில் போதும்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்ணிறச் சாரத்தோடு, மேல் வெறுமையாகக் குனிந்து பற்றைக்குள்ளிருந்து வெளிவருகிற மனிதன், முதல் அரை நொடியில் விலங்கின் நிறமாகத்தான் கண்ணில் படுவான். செம்மஞ்சள் நிறத் துணியோ, வீதி வேலைக்காரர் போடுகிற ஜக்கெற்றோ கட்டாயம் வேண்டும். பன்றி கண்டு ஓடிவிடும் என்று தயங்க வேண்டியதில்லை. பன்றிக்கும் மானுக்கும் செம்மஞ்சளைப் பச்சையிலிருந்து பிரித்தறியும் கண் இல்லை.

அசைவையோ சத்தத்தையோ பார்த்துச் சுடுவது பற்றிப் பேச நிறைய இல்லை. முழு விலங்கும் கண்ணில் தெரியாவிட்டால் விரல் விசைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். கசிப்பு வாடை அடிக்கிற ஆளைப் பொல்லோடுகூட இறக்க வேண்டாம். சின்னப் பொடியன்கள் வேடிக்கை பார்க்க வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

பற்றைக்குள் வேறு என்ன இருக்கிறது என்று கேட்காமல் இறங்குவது

நம் பக்கத்தில் இதுதான் பெரிய இருட்டு. யாரோ ஒருவர் பன்றிப் பாதையில் கட்டுத்துவக்கு கட்டியிருப்பார். குறுக்கே இழுத்த மெல்லிய கம்பி, கால் பட்டால் வெடி. பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் மனிதனுக்கு அது தொடையிலோ முழங்காலிலோ பாயும். தீனிக்குள் வைக்கிற வாய்வெடியை உங்கள் நாய் கடித்தால் அதோடு நாய் முடிந்தது. வீட்டு மின்சாரத்தை இழுத்து வேலியில் விட்டிருப்பதும் உண்டு. மூன்றும் சட்டவிரோதம் என்பதால் வைத்தவர் தானாக வாய் திறக்கமாட்டார். அதனால் முதல் நாள் மாலையே வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானையிடமும் பக்கத்துக் காணிக்காரரிடமும், "நாளைக் காலையில இந்தப் பற்றைக்குள்ள ஆள் இறங்குது அண்ணன், ஏதும் இருந்தா எடுத்திடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். யார் வைத்தது என்று விசாரிக்கப் போகாதீர்கள். விசாரித்தால் ஒருவரும் சொல்லமாட்டார்கள், சொல்லாவிட்டால் கம்பி அங்கேயே இருக்கும்.

காலையில் முதல் வேலை கால்தடம் பார்ப்பது. வயலோரப் பற்றையில் பகலில் தனியன் யானை அசையாமல் நிற்பது இங்கே சாதாரணம். புதிய இலத்தியோ முறிந்த கொப்போ கண்டால் அன்றைக்கு அந்தப் பற்றையை விட்டுவிட வேண்டும். யானையைப் பொல்லும் தகரமும் கொண்டு கலைக்க வெளிக்கிட வேண்டாம், 1992க்கு அடித்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குப் போகும். தந்தம் இல்லை, பெண்யானைதான் என்று துணிவதும் பிழை. இலங்கையில் பெரும்பாலான ஆண்யானைகளுக்குத் தந்தம் கிடையாது. கல்மலைப் பக்கப் பற்றை என்றால் கரடி பகலில் படுத்திருக்கும். யானை வெளியே வருகிற நேரம் மாலை என்பதால், எந்தக் கலைப்பும் பனி காய்ந்த பிறகு தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிட வேண்டும்.

காயப்பட்ட பன்றியின் பின்னால் ஓடுவது

சூடு பட்ட பன்றி பற்றைக்குள் நுழைந்தவுடன் எல்லோரும் கத்திக்கொண்டு பின்னால் பாய்வார்கள். வரிசை, இடம், விசில் எல்லாம் அந்த நிமிடத்தில் குலைந்துபோகும். முதலில் விசில் ஊதி ஆட்களை வெளியே எடுத்து எண்ண வேண்டும். துவக்கிலிருந்து தோட்டாவை எடுக்க வேண்டும். அரை மணி நேரமாவது விட்டு, அனுபவமுள்ள இருவர் மட்டும் இரத்தத்தடம் பார்த்துப் போகலாம். மற்றவர்கள் வரம்பில் நிற்கட்டும்.

பன்றி தாழ்வாக வந்து கீழிருந்து மேலாகக் கிழிக்கும், காயம் தொடையில் விழும். தொடையின் பெரிய நாடி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். மண்ணள்ளிப் போடுவதும் இலை கசக்கி வைப்பதும் வேண்டாம். சாரத்தைச் சுருட்டிக் காயத்தின் மேல் வைத்து இரு கையாலும் உடம்புப் பாரத்தைக் கொடுத்து அமத்த வேண்டும், இரத்தம் ஊறினாலும் எடுத்துப் பார்க்காமல் மேலே இன்னொரு துணி வைத்து அமத்த வேண்டும். அதே நேரம் இன்னொருவர் 1990க்கு அடிக்கட்டும், அம்புலன்ஸ் இலவசம். வட்டைக்குள் அது வராது. எந்தக் குளக்கட்டுச் சந்தியில் அல்லது எந்தப் பாலத்தில் ஆள் நிற்பார் என்பதைக் காலையில் இறங்குவதற்கு முன்பே பேசி, சிக்னல் பிடிக்கிற இடம் எது என்றும் பார்த்து வைத்திருக்க வேண்டும்.