டெக் கன்சல்டிங் வேலைக்குப் போகிறீர்களா? அங்கே விற்பது என்ன என்று முதலில் பாருங்கள்

இன்டர்வியூ முடியப்போகும் நேரத்தில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று நான் தவறாமல் கேட்பேன். பெரும்பாலும் வருகிற கேள்வி ஒன்றுதான்: "எந்த டெக்னாலஜியில் வேலை தருவீர்கள்?" என்னிடம் இருக்கும் உண்மையான பதில், "நீங்கள் சேருகிற வாரத்தில் எந்த க்ளையண்ட்டுக்கு ஆள் வேண்டுமோ, அங்கே என்ன ஓடுகிறதோ, அதில்." கேட்டதும் சிலருக்கு முகம் வாடிவிடும். அவர்கள் மேல் தப்பில்லை. இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று விளம்பரத்திலும் சொல்வதில்லை, படிக்கிற இடத்திலும் சொல்வதில்லை. நான் 14 வருடமாக இதில் இருக்கிறேன். மூன்று கம்பெனி பார்த்தாயிற்று, இப்போது ஆள் எடுக்கும் பக்கத்திலும் உட்காருகிறேன். நான் சேர்ந்தபோது யாராவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொந்தமாக சாஃப்ட்வேர் செய்து விற்கும் கம்பெனிக்கு அந்த சாஃப்ட்வேர்தான் சரக்கு. வேறு கம்பெனிகளுக்கு (அவர்கள்தான் க்ளையண்ட்) வேலை செய்து கொடுக்கும் கன்சல்டிங் கம்பெனிக்கு சரக்கு உங்கள் நேரம். டைம்ஷீட், பெஞ்ச், க்ளையண்ட் இன்டர்வியூ, அப்ரைசல் (வேலை மதிப்பீடு) எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நேரத்தை விற்பதில் இரண்டு வழி உண்டு. 'டைம் அண்ட் மெட்டீரியல்' என்றால் வேலை பார்த்த மணிக்கு க்ளையண்ட் பணம் தருவார். 'ஃபிக்ஸட் ப்ரைஸ்' என்றால் மொத்த வேலைக்கும் ஒரே தொகை, முடிக்கும் தேதியும் முன்பே பேசியிருப்பார்கள். உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இரண்டும் வேறு வேறு உலகம். முதல் வகையில் க்ளையண்ட் மனம் மாறினால் பரவாயில்லை, செய்யலாம், மணிக்கணக்கு ஏறும். இரண்டாவதில் அப்படி இல்லை. "இந்த ஒரு பட்டனையும் சேர்த்துவிடுங்களேன், பத்து நிமிஷ வேலைதானே" என்று க்ளையண்ட் தரப்பிலிருந்து ஒருவர் நேராக உங்களிடமே கேட்பார். பாவம் என்று செய்து கொடுத்தால், அதற்கான டெஸ்டிங்கும், ஒரு மாதம் கழித்து அதில் வரும் பிழையும் உங்கள் டீமின் தலையில் விழும். "செய்யலாம், சேஞ்ச் ரிக்வெஸ்ட் (பேசியதற்கு மேல் வரும் வேலைக்கான தனிக் கோரிக்கை) போடச் சொல்லி எங்கள் மேனேஜரிடம் பேசுகிறேன்" என்று முகம் சுளிக்காமல் சொல்லப் பழக வேண்டும். எனக்கு அது கைவர இரண்டு வருடம் ஆனது.

அதனால் இன்டர்வியூவில் இதைக் கேளுங்கள்: "எஸ்டிமேட் போடுவது யார்? வேலை பார்க்கப்போகிறவர்களைக் கேட்டுப் போடுவீர்களா?" விற்பனைப் பிரிவு மட்டும் உட்கார்ந்து நாள் குறிக்கும் இடம் என்றால், அவர்கள் குறைத்துச் சொன்ன நாட்களை உங்கள் சனி, ஞாயிறு ஈடுகட்டும்.

அடுத்தது டைம்ஷீட். வாரக் கடைசியில் ஒரு கட்டம் போட்ட பக்கம் திறக்கும். இடது பக்கம் ப்ராஜெக்டுகளின் குறியீடுகள், மேலே நாட்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மணி என்று எழுத வேண்டும். சில இடத்தில் அரை மணிக் கணக்கு, சில இடத்தில் கால் மணி. க்ளையண்ட்டுக்குப் பில் போடக்கூடிய மணிகள் 'பில்லபிள்'. வாரம் 40 மணியில் 32 மணி பில்லபிள் என்றால் உங்கள் யூட்டிலைசேஷன் 80 சதவீதம். மீதி 8 மணியில்தான் பயிற்சி, கம்பெனி மீட்டிங், ஜூனியருக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அடங்க வேண்டும். இலக்கு எவ்வளவு, லீவு எடுத்த நாள் அந்தக் கணக்கில் எப்படி வருகிறது என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். லீவு எடுத்தாலும் பில்லபிள் மணி குறையக்கூடாது என்பது சில இடங்களின் கணக்கு. அங்கே உங்களுக்கு எழுதிக் கொடுத்த லீவு வேறு, எடுக்க முடிகிற லீவு வேறு.

என் முதல் ப்ராஜெக்டில் ஒரு தேதிப் பிழையைக் கண்டுபிடிக்க எனக்கு 11 மணி நேரம் பிடித்தது. சர்வர் ஒரு நேர மண்டலத்தில் இருந்தது, டேட்டாபேஸ் இன்னொன்றில். கண்டுபிடித்த பிறகு பார்த்தால் ஒரு வரி மாற்றம். அதற்கு 11 என்று எழுதக் கை வரவில்லை, 5 என்று போட்டேன். டீம் லீட் அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தனியாகக் கூப்பிட்டார். "நீ குறைத்துப் போட்டால் நஷ்டம் உனக்கு மட்டும் இல்லை. அடுத்த எஸ்டிமேட்டை இந்த நம்பரை வைத்துத்தான் போடுவோம். இதே மாதிரிப் பிழை வரும்போது வேறொரு ஆளுக்கு 5 மணிதான் கொடுப்போம்" என்றார். அன்றிலிருந்து நான் கூட்டியும் போட்டதில்லை, குறைத்தும் போட்டதில்லை. கூட்டிப் போடுவது க்ளையண்ட்டை ஏமாற்றுவது, அது எல்லாருக்கும் தெரியும். குறைத்துப் போடுவதும் பொய்க்கணக்கு என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை இருக்கும் காலத்துக்கு 'பெஞ்ச்' என்று பெயர். சம்பளம் வரும், பில் போக ஆள் இருக்காது. முதல் வாரம் ஓய்வு மாதிரி இருக்கும். மூன்றாவது வாரம் மனது குறுகுறுக்கும். நான் ஒருமுறை ஏழு வாரம் பெஞ்சில் இருந்தேன். ப்ராஜெக்ட் ஒதுக்கும் குழுவிலிருந்து அழைப்பு வரும் என்று காத்திருந்தது முதல் நான்கு வாரம், அது வீண். ஐந்தாவது வாரம், புது ஒப்பந்தம் பிடிக்க வேலை பார்க்கும் ப்ரீ-சேல்ஸ் டீமிடம் போய், "ஏதாவது ப்ரொபோசலுக்கு டெமோ செய்ய ஆள் வேண்டுமா?" என்று கேட்டேன். வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் ஒரு சின்ன டெமோ செய்தேன், அதை க்ளையண்ட் முன்னால் காட்டவும் என்னையே அனுப்பினார்கள். ஒப்பந்தம் கிடைத்ததும் அந்த டீமில் முதல் ஆளாக என்னைப் போட்டார்கள். பெஞ்சில் இருப்பவரை யாரும் தேடி வரமாட்டார்கள், நாமே போய்க் கதவைத் தட்ட வேண்டும். எத்தனை நாள் வரை பெஞ்சில் வைத்திருப்பார்கள், அந்தக் காலத்தில் வேரியபிள் பே (சம்பளத்தில் கூடிக் குறையும் பகுதி) குறையுமா, அதற்கப்புறம் என்ன செய்வார்கள் என்று எச்.ஆரிடம் கேட்பதில் தப்பே இல்லை. ஒழுங்கான கம்பெனி தெளிவாகப் பதில் சொல்லும்.

கம்பெனி இன்டர்வியூவில் தேறிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பல ப்ராஜெக்டுகளில் க்ளையண்ட்டும் உங்களைத் தனியாக இன்டர்வியூ செய்வார். அதற்கு உங்கள் ரெஸ்யூமேயைக் கம்பெனி தன்னுடைய அச்சில் மாற்றி அனுப்பும். இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், எனக்கு ஒரு வருட அனுபவம் இருந்த ஒரு கருவியில் மூன்று வருடம் என்று மாற்றி அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தெரியாது. க்ளையண்ட் அதில் ஆழமாக ஒரு கேள்வி கேட்டார், நான் முழித்தேன். "ரெஸ்யூமேயில் மூன்று வருடம் என்று இருக்கிறதே?" என்றார். ஒரு வருடம்தான் என்று உண்மையைச் சொன்னேன். அந்த ப்ராஜெக்ட் போயிற்று. மேனேஜர் இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. ஆனாலும் அந்த இடத்தில் பொய் சொல்லியிருந்தால், மூன்று வருட அனுபவம் உள்ளவர் என்ற எதிர்பார்ப்போடு ஒவ்வொரு நாளும் அவர்கள் முன்னால் நின்றிருக்க வேண்டும். அதற்கப்புறம், என் பெயரில் வெளியே போகும் ரெஸ்யூமேயின் கடைசி வடிவத்தை எனக்கு அனுப்பச் சொல்லி மெயிலில் கேட்டுவிடுவேன். நீங்களும் முதல் நாளிலிருந்தே கேளுங்கள்.

சரி, இன்டர்வியூவில் நாங்கள் எதைப் பார்க்கிறோம்? கோடிங் தெரிய வேண்டும், அது அடிப்படை. அதற்கு மேல் நான் ஒரு சூழ்நிலையைச் சொல்வேன். "ஒரு க்ளையண்ட்டின் காலை ரிப்போர்ட் ஓட 40 நிமிஷம் ஆகிறது. 5 நிமிஷத்தில் வர வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வீர்கள்?" பலரும் உடனே இண்டெக்ஸ், கேஷ், க்ளவுட் என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு நினைவில் நிற்பவர், "அந்த ரிப்போர்ட்டை யார் பார்க்கிறார்கள்? எத்தனை மணிக்கு?" என்று கேட்ட ஒரு பெண். நான் சொல்லும் அந்தச் சூழ்நிலை நிஜமாகப் பார்த்த ப்ராஜெக்ட். ரிப்போர்ட்டில் 23 நெடுவரிசை (column) இருந்தது. படிப்பவர் ஒருவர்தான், அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு நெடுவரிசை. அந்த இரண்டை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது. புது சர்வர் எதுவும் வாங்கவில்லை. தீர்வுக்கு ஓடும் முன் கேள்வி கேட்பவரைத்தான் க்ளையண்ட் முன்னால் தைரியமாக அனுப்ப முடியும்.

இன்னொன்றையும் பார்ப்போம், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பழைய க்ளையண்ட்டைப் பற்றி நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பது. பெயரைச் சொல்லி, அவர்கள் சிஸ்டத்தில் என்ன ஓட்டை இருந்தது என்று விலாவாரியாகச் சொன்னால், நாளைக்கு எங்கள் க்ளையண்ட்டைப் பற்றியும் வேறொரு இடத்தில் இப்படித்தான் பேசுவீர்கள் என்று தோன்றும். "ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி" என்று சொன்னால் போதும். அதேபோல, ஒரு க்ளையண்ட்டுக்கு எழுதிய ப்ரோக்ராமை அடுத்த இடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். ஒப்பந்தப்படி அது பெரும்பாலும் க்ளையண்ட்டின் சொத்து. கற்றுக்கொண்டது உங்களுடையது, ஃபைல் உங்களுடையது இல்லை.

வேலை எப்படிப்பட்டதாக இருக்கும்? புத்தம்புது டெக்னாலஜி என்ற கனவோடு வருபவர்களிடம் இந்தத் தொழில் தொடங்கிய கதையைச் சொல்வேன். அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வீட்டு உபயோகப் பொருள் ஆலை இருந்தது. அங்கே 1954-இல் யூனிவாக் கம்ப்யூட்டரை வைத்துச் சம்பளக் கணக்குப் போட உதவியவர்கள் ஆர்தர் ஆண்டர்சன் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் ஆட்கள். அதன் கன்சல்டிங் பிரிவுதான் பின்னால் பிரிந்துபோய், 2001 ஜனவரி 1 முதல் அக்சென்ச்சர் என்ற பெயரில் இயங்குகிறது. ஆரம்பமே சம்பளக் கணக்கு! இன்றைக்கும் பெரும்பகுதி இதே மாதிரி வேலைதான். ஒருவருடைய பழைய சிஸ்டத்தை நிற்காமல் ஓடவைப்பது, அதைப் புது இடத்துக்கு மாற்றுவது, இரண்டு சிஸ்டங்களைப் பேசவைப்பது. எனக்கு இது பிடித்திருக்கிறது. வங்கி, மருத்துவமனை, சரக்குப் போக்குவரத்து என்று ஒவ்வொன்றும் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்கக் கிடைத்தது. ஆனால் ஒரே க்ளையண்ட்டின் ஒரே பழைய சிஸ்டத்தில் நான்கைந்து வருடம் மாட்டிக்கொண்டு, வெளியே வரும்போது சந்தையில் மதிப்பில்லாமல் நின்ற நண்பர்களும் எனக்கு உண்டு. "ஒருவர் சராசரியாக எத்தனை மாதம் ஒரே ப்ராஜெக்டில் இருப்பார்? வேறு ப்ராஜெக்ட் கேட்டால் விடுவீர்களா?" என்பதும் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி.

அப்ரைசலில் ஒரு சிக்கல் உண்டு. நாள் முழுக்க உங்கள் வேலையைப் பார்ப்பவர் க்ளையண்ட், மார்க் போடுபவர் உங்களை மாதம் ஒருமுறை பார்க்கும் உங்கள் கம்பெனி மேனேஜர். க்ளையண்ட் நன்றி சொல்லி இரண்டு வரி மெயில் போட்டால் தனி ஃபோல்டரில் வையுங்கள். ப்ராஜெக்ட் முடியும்போது, "என் வேலையைப் பற்றி நாலு வரி எழுதி என் மேனேஜருக்கு அனுப்ப முடியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். நான் கேட்டு யாரும் மறுத்ததில்லை.

கம்பெனியைப் பற்றி விசாரிக்க, பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் அதன் காலாண்டு அறிக்கையைப் படியுங்கள். உதாரணத்துக்கு, இன்ஃபோசிஸ் தன் யூட்டிலைசேஷன், வேலையை விட்டுப் போனவர்களின் சதவீதம், மொத்த வருமானத்தில் பெரிய க்ளையண்ட்டுகளின் பங்கு எல்லாவற்றையும் வெளியிடுகிறது. ஒன்றிரண்டு க்ளையண்ட்டை மட்டும் நம்பி ஒரு கம்பெனி இருந்தால், அவர்கள் ஒப்பந்தத்தை நிறுத்தும் நாளில் ஒரு பெரிய கூட்டமே பெஞ்சுக்கு வரும். சின்ன கம்பெனி என்றால் அங்கே வேலை பார்த்து விலகிய ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். இருப்பவரைவிட விலகியவர் மனம் விட்டுப் பேசுவார்.

கடைசியாக ஆஃபர் லெட்டர். சம்பள வரியைத் தாண்டியும் படியுங்கள். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், பயிற்சிக்கு பாண்ட் (இத்தனை காலம் விலகமாட்டேன் என்ற உறுதி) உண்டா, விலகிய பிறகு அவர்களுடைய க்ளையண்ட்டிடம் எத்தனை மாதம் சேரக்கூடாது, ஊர் மாறச் சொன்னால் செலவு யாருடையது என்று பாருங்கள். "அதெல்லாம் பேப்பரில்தான் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை" என்று போனில் சொன்னால், "சரிங்க, அதையே ஒரு மெயிலில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லி, மெயில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.