ரத்தக்குழாயைப் பழுதுபார்க்கும் அணுக்கள் பாக்கெட்டில் வராது

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அண்ணனுக்கு இரண்டு வருடத்துக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டெண்ட் (குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலை) வைத்தார்கள். போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் எப்போதும் இருக்கும் மருந்துப் பையைக் காணோம். அந்த இடத்தில் தங்க நிற எழுத்துப் போட்ட அட்டைப் பெட்டி, உள்ளே முப்பது பாக்கெட் பொடி, விலை 280 வெள்ளி. “ஸ்டெம் செல்லும்மா. ரத்தக்குழாயை உள்ளேயிருந்தே ரிப்பேர் பண்ணிடுமாம். கொலஸ்ட்ரால் மாத்திரை இனிமே வேணாம்னாங்க” என்றார். ஸ்டெம் செல் என்றால் வேறு அணுக்களாக மாறக்கூடிய மூல அணு. கொடுத்தவர் கோயிலில் பார்த்துப் பழகியவர், அதனால் அண்ணனுக்குச் சந்தேகமே வரவில்லை. அலமாரியில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பதினேழு நாள் மாத்திரை அப்படியே இருந்தது.

அந்தப் பெட்டியில் எழுதியிருந்தது முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். பாதி உண்மை. நம் ரத்தக்குழாயின் உட்பக்கம் முழுவதும் ஒரே ஓர் உயிரணு (செல்) கனத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரப்பதும், ரத்தம் தேவையில்லாமல் உறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். சர்க்கரை, புகை, உயர் ரத்த அழுத்தம் எல்லாம் முதலில் அதைத்தான் அரிக்கும். அரித்த இடத்தைச் சரிசெய்ய எலும்பு மஜ்ஜையிலிருந்து சில அணுக்கள் ரத்தத்தில் கிளம்பி வருகின்றன என்று 1997இல் அசஹாரா என்ற ஜப்பானிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். எண்டோதீலியல் புரொஜெனிட்டர் செல், அதாவது குழாயின் உட்படலமாக மாறக்கூடிய மூல அணு, என்று பெயர். 2003இல் 45 ஆண்களிடம் செய்த ஆய்வில், இதய நோய் அபாயம் கூடியவர்களுக்கு இந்த அணுக்கள் குறைவாக இருந்தன. 2005இல் ஜெர்மனியில் இதய நோயாளிகள் 519 பேரை ஒரு வருடம் கவனித்தபோதும், அணுக்கள் குறைந்தவர்கள்தான் இதய நோயால் அதிகம் இறந்தார்கள்.

‘அப்படியானால் அணுவை உள்ளே அனுப்பினால் போதுமே’ என்று நினைப்பதுதான் முதல் தவறு. குறைந்த எண்ணிக்கை உடம்பு கெட்டிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். பின்னால் வந்த ஆய்வுகள், இந்தப் பெயரில் எண்ணப்பட்டவற்றில் பல உண்மையில் குழாய்ச் சுவராக மாறுவதில்லை, பக்கத்தில் நின்று சுவர் வளர உதவும் பொருள்களைச் சுரக்கும் வெள்ளை அணுக்கள் என்று காட்டின. நோயாளியின் சொந்த மஜ்ஜை அணுக்களையே எடுத்து நேராக இதயத்தில் செலுத்திப் பார்த்த பெரிய ஆய்வுகளிலும் நம்பிக்கையான பலன் வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகச் செலுத்தியே பலிக்காதது, வாயில் போட்ட பொடியால் நடக்குமா? பொடியில் இருப்பது ஆப்பிளின் அணுவோ ஆட்டின் அணுவோ, வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும்.

பெட்டியில் ‘மால்’ (MAL) என்ற அரசாங்கப் பதிவு எண்ணும் ஹோலோகிராமும் இருக்கிறதே என்றார் அண்ணன். அந்தப் பதிவு இருப்பதால் அது இதய நோயைக் குணமாக்கும் என்று நிரூபணம் ஆகிவிடாது. இதய நோய், இனிப்பு நீர், ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குணமாக்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையே நம் நாட்டின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடைசெய்கிறது. அப்படிச் சொல்லி யாராவது விற்க வந்தால், அந்தப் பேச்சே போதும், வாங்காதீர்கள்.

எனக்கு உண்மையில் பயம் தந்தது பொடி இல்லை, நிறுத்திய மாத்திரை. “கொலஸ்ட்ரால் இறங்கிடுச்சு, இனி எதுக்கு?” என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்! இறங்கியதே மாத்திரையால்தான், விட்டால் மறுபடி ஏறும். ஸ்டாட்டின் என்ற இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை கொழுப்பைக் குறைப்பதோடு, குழாயில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்காமலும் காக்கிறது. ஸ்டெண்ட் வைத்த முதல் வருடத்தில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது இன்னும் ஆபத்து, ஸ்டெண்டுக்குள்ளேயே அடைத்துக்கொள்ளலாம். ஸ்டெண்ட் வைத்தாச்சு, எல்லாம் சரி என்ற நினைப்பும் வேண்டாம். அது இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கம்பி வலை. மற்றக் குழாய்கள் பழையபடியேதான் இருக்கின்றன.

சர்க்கரை நம் வீட்டு நோய். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களிடையே மட்டும் 31.4. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் இந்த அணுக்கள் மஜ்ஜையை விட்டுக் கிளம்புவதே குறையும், கிளம்பியவையும் சரியாக வேலை செய்யாது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ரத்தம் எடுக்கும் தேதிக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் வாயைக் கட்டுகிறோம். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கிட்டத்தட்ட மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும், அதை ஏமாற்ற முடியாது. ரொட்டி சானாயோடு தினமும் இரண்டு தே தாரிக் குடிப்பவர், ஒன்றைத் ‘தே ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) ஆக்கினாலே நல்ல தொடக்கம்.

சிகரெட்டைக் குறைத்துவிட்டேன் என்று நிம்மதி அடைவதும் கூடாது. நாளைக்கு ஒன்றே ஒன்று பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதய அபாயத்தில் பாதிக்கு நெருக்கமாக இவருக்கும் கூடுகிறது. அடியோடு விட்டவர்களுக்கோ சில வாரங்களிலேயே இந்த அணுக்கள் கூடியதைப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது தைப்பூச நடை. வருடம் முழுக்க உட்கார்ந்தே இருந்துவிட்டு, அன்றைக்கு மட்டும் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியையும் ஒரே மூச்சில் ஏறுவது. இதய நோய் உள்ளவருக்கு அந்தத் திடீர் பாரம் ஆகாது. நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓடி குழாய்ச் சுவரை உரசும், அப்போது நைட்ரிக் ஆக்சைடு கூடும், மஜ்ஜையிலிருந்து அணுக்களும் கிளம்பும். அதற்கு மலையடிவாரத்துத் தாவரப் பூங்காவில் தினம் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் போதும். ஸ்டெண்ட் வைத்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடக்கையில் நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக்கொட்டினால், காற்று என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 999க்கு அடியுங்கள்.

மறுநாள் காலை அண்ணனைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். மீதிப் பொடியைக் குப்பையில் போடப் போனவரைத் தடுத்து, பெட்டியோடு கொண்டுவரச் சொன்னேன். இப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிடிபட்டதுண்டு, இத்தனை நாள் எது உள்ளே போனது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். டாக்டர் திட்டவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, “எத்தனை நாளா மாத்திரை போடல?” என்று மட்டும் கேட்டார். “பதினேழு” என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல்.